பட்டுக்குத் தீட்டில்லை, கிருபைக்கும் இல்லை

(ஆரணியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஒதுக்கப்பட்டவர்களைக் கடவுள் ஏற்றுக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இறையியல் படித்தவன் இல்லை. ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், சி.எஸ்.ஐ. சபைக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மற்ற நாள் இயக்கத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறவன். இரண்டு பக்கமும் எனக்குக் கேள்விதான் கிடைக்கும். சபையில் ஒரு தம்பி கேட்கிறான்: "அண்ணே, ஆண்டவர் நம்மள ஏத்துக்கிட்டாரு. அப்புறம் எதுக்குண்ணே இயக்கம், போராட்டம்?" இயக்கத்தில் ஒரு தோழர் கேட்கிறார்: "தோழர், அங்கயும் சாதி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் அந்தச் சபையில உட்கார்ந்திருக்கீங்க?" இரண்டும் நேர்மையான கேள்வி. இன்றைக்கு இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். சரியா இல்லன்னா கடைசியில எழுந்து கேளுங்க.

முதலில் எங்கம்மாவைப் பற்றிச் சொல்லணும். எங்கம்மா பட்டு நூல் இழைத்தவர். ஊருக்குள்ளிருந்து நூல் கட்டு வரும். அதை வீட்டில் ராட்டையில் போட்டு இழைத்து, தார் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கணும். கொடுக்கும்போது திண்ணைக்குக் கீழே நிற்கணும். அவர் கை வைத்த நூல் தறிக்குப் போகும், பாவோடு ஊடையாகச் சேரும், ஜரிகை ஏறும், புடவையாகும். அந்தப் புடவை கல்யாண மேடைக்குப் போகும், கோயில் கருவறையில் அம்மன் இடுப்புக்கும் போகும். எங்கம்மாவால் அந்தத் திண்ணை மேலே ஏற முடியாது. சின்ன வயசில் நான் கேட்டேன்: "நீ தொட்ட நூல் உள்ள போவுது, நீ ஏன் போவக்கூடாது?" எங்கம்மா சிரித்தார். "பட்டுக்குத் தீட்டில்லடா"ன்னார்.

நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு இது. பட்டு யார் கை பட்டாலும் மடிதான். எங்கம்மா கைக்குத்தான் தீட்டு. அந்தக் கையில் வேலை வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கையை உள்ளே விடக்கூடாது. சாதி நடத்துகிற கணக்கு இவ்வளவுதான். இந்தக் கணக்கு சபைக்குள் வந்தபோது கிருபை என்னவானது என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

கிருபை என்றால் என்ன? எங்க சபையில் கிருபை என்போம். கத்தோலிக்கத் தோழர்கள் அருள் என்பார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டிமார் தேவ இஷ்டப்பிரசாதம் என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். தகுதி பார்க்காமல் கிடைப்பது, விலை கொடுக்காமல் கிடைப்பது. பிறப்பைக் கேட்காது, தொழிலைக் கேட்காது, நீ சுத்தமா என்றும் கேட்காது. ஆயிரம் வருஷமாக 'உனக்குத் தகுதி இல்லை' என்று சொல்லப்பட்ட சனத்திடம் போய், 'தகுதியே தேவையில்லை' என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய வெடி என்று யோசித்துப் பாருங்கள். தகுதி என்ற சொல்லின் மீதுதான் வருண தருமமே நிற்கிறது. அந்தச் சொல்லையே கிருபை பிடுங்கிப் போடுகிறது. நம்ம பாட்டன் பாட்டி படிக்காதவர்கள்தான், ஆனால் இந்தச் செய்தி அவர்களுக்கு உடனே புரிந்தது.

நம்ம பகுதி வரலாறே இதற்குச் சாட்சி. 1853இல் அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஆரணியும் அவர்களுடைய நிலையங்களில் ஒன்று. சபைக்குள் சாதியை அனுமதிப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. முதலில் சாதிக்காரர்களைத் தேடித்தான் போனார்கள். வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்குப் பிறகு கிராமம் கிராமமாக நம்ம சனம் சபைக்கு வந்தது. அந்த மிஷன் வளர்த்த சபைதான் 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதற்குள் வந்தது.

இதை வைத்துத்தான் நம்மை 'சோத்துக்கு மதம் மாறினவன்' என்கிறார்கள். கஞ்சிக்கு வந்தவன், பால்பவுடருக்கு வந்தவன். எத்தனை முறை கேட்டிருப்போம்? நான் வெட்கப்படுகிறதில்லை. பஞ்சத்தில் குழந்தை செத்துக்கொண்டிருக்கும்போது கஞ்சி ஊற்றுகிற கையை நோக்கி ஒருத்தி போனால் அதில் அவளுக்கு என்ன வெட்கம்? அறுத்துக் குவித்தவளைப் பட்டினி போட்ட ஊர்தான் வெட்கப்படணும். இயேசு ஐயாயிரம் பேருக்குச் சோறு போட்ட கதை பைபிளில் இருக்கிறது. பந்தியில் உட்காருவதற்கு முன்னால் நீ என்ன சாதி என்று அங்கே யாரும் கேட்டதாக இல்லை. நம்ம சனம் சோறு மட்டும் தேடிப் போகவில்லை. சோறு போடுகிறவன் எட்டி நின்று போடுகிறானா, பக்கத்தில் வந்து போடுகிறானா என்றும் பார்த்துத்தான் போனது.

சரி, போன இடத்தில் என்ன நடந்தது?

பழைய கதையிலிருந்து வருகிறேன். 1606இல் மதுரைக்கு வந்தவர் ராபர்ட் தெ நொபிலி. காவி கட்டி, பூணூல் போட்டு, பிராமணச் சந்நியாசி போல வாழ்ந்து மேல்சாதிக்காரர்களிடம் மதம் பரப்பினார். பிறகு சாதி வாரியாகக் குருமார் பிரிந்தார்கள். மேல்சாதிக்குப் போகிற குரு சேரி வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். சாகக் கிடக்கிற பறையர் கடைசித் திருவருட்சாதனம் கேட்டால் என்ன செய்வது? இந்த விவகாரம் ரோமாபுரி வரை போனது. போப்பின் தூதராகப் புதுச்சேரி வந்த தூர்னோன் 1704இல் ஓர் ஆணை போட்டார். மற்ற பல விஷயங்களோடு, நோயாளியான பறையரின் வீட்டுக்குள்ளேயே போய்த் திருவருட்சாதனம் கொடுக்கவேண்டும் என்பதும் அதில் இருந்தது. நாற்பது வருஷம் இழுபறி. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் விஷயத்தை முடித்துவைத்தார். எப்படி முடிந்தது தெரியுமா? பறையர்களுக்கென்றே தனியாகச் சில குருக்களை ஒதுக்குவதாக இயேசு சபையார் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்குள் போ என்று சொன்னால், அந்த வீட்டுக்குப் போவதற்கென்றே தனி ஆளை வைத்தாயிற்று. கடவுளின் அருள் சேரி வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு மேலிடத்து ஆணை தேவைப்பட்டது, அந்த ஆணைக்கும் சாதிப் பொந்து ஒன்று கிடைத்தது.

ஆனால் நம்ம சனம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த வருஷமே, 1745இல், புதுச்சேரிக் கோயிலில் ஒரு சம்பவம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களுக்கும் பறையர்களுக்கும் நடுவே சுவர். சேரிக் கிறித்தவர்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போய், எங்களையும் உங்கள் பிள்ளைகள் என்கிறீர்களே, எல்லாரையும் ஒன்றாக நடத்துங்கள் என்று முறையிட்டார்கள். சுவர் இடிபட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்துப் போய்ச் சண்டைக்கு வந்தார்கள். தோழர்களே, 1745! பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 வருஷம் முன்னால். சமத்துவம் என்பதை வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டது நம்ம சேரி.

நாங்கள் சீர்திருத்தச் சபை, எங்களிடம் இதெல்லாம் இல்லை என்று புராட்டஸ்டண்டுகாரர்களும் சொல்லிக்கொள்ள முடியாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விடவேண்டும் என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டை நாம் இன்னும் உருகி உருகிப் பாடுகிறோம். அவர் சாதி வேற்றுமையை நியாயப்படுத்தி எழுதியவர். பாட்டு நல்ல பாட்டுதான், பாடுவோம். பாடும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வோம். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாச் சாதிக் கிறித்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். நல்ல சோதனை. இன்றைக்கு நம்ம சபைகளில் வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம். 1872இல் அங்கே கோயில் கட்டினார்கள். வெள்ளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு கூடம், இரண்டும் பீடத்தில் வந்து சேரும். ஒரே பூசை, ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாது. கால்சட்டைக் கோயில் என்றே பெயர் வந்தது. 1910இல் பங்குச் சாமியார் கௌசானல் நடுத்தடுப்பை இடித்தார். வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிறித்தவனாக இருந்துகொண்டு கோயிலுக்குள் தீட்டுப் பேச முடியாது என்பதை நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது.

அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் இருந்ததும், 2010இல் பெரியார் இயக்கத் தோழர்கள் அதை இடிக்கப் போனதும் அந்தக் காலமா? அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூர் அந்தக் காலமா? வன்னியர் கிறித்தவர்களின் ஆதிக்கத்திலிருந்த அந்தப் பங்கில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள், இரண்டு பேரும் வன்னியர்கள். எல்லாரும் ஒரே மாதாவுக்குத் தேர் இழுக்கிறவர்கள். சாதி அங்கே எல்லார் வீட்டிலும் சாவைக் கொண்டுவந்து போட்டது.

இப்போது இயக்கத் தோழர் கேட்பார்: "அப்புறம் என்ன தோழர், கிருபைன்னு ஒண்ணு இல்லன்னு ஒத்துக்க வேண்டியதுதானே?" நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்தக் கதைகளை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் சுவரை எழுப்பியவன் சாதிக்காரன். சுவரை இடிக்கச் சொன்னவன் எந்தத் தைரியத்தில் கேட்டான்? 'கடவுள் முன்னாடி நான் உனக்குக் குறைந்தவன் இல்லை' என்கிற தைரியம். அந்தத் தைரியத்துக்குத்தான் நான் கிருபை என்று பேர் சொல்கிறேன். அது சாமியார் கொடுத்ததில்லை, மிஷனரி கொடுத்ததும் இல்லை. அவர்கள் நூல் கட்டைக் கொண்டுவந்து போட்டார்கள், இழைத்தது நம்ம சனம்.

பைபிளிலேயே பாருங்கள். கானானியப் பெண் ஒருத்தி தன் மகளுக்காக இயேசுவிடம் வருகிறாள். வேறு சாதி, வேறு நாடு. சீடர்கள் அவளைத் துரத்தப் பார்க்கிறார்கள். இயேசுவே முதலில் கடுமையாகத்தான் பேசுகிறார். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிக்குப் போடலாமா என்கிறார். நம்ம காதுக்கு எவ்வளவு பழகிய பேச்சு! அவள் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை. எதிர்வாதம் செய்கிறாள். மேசையிலிருந்து விழுகிற துணிக்கையை நாய்க்குட்டியும் தின்னுமே என்று மடக்குகிறாள். கடைசியில் ஜெயித்தது அவள் வாதம், மகள் பிழைத்தாள். பிரசங்கத்தில் இவளைத் தாழ்மைக்கு உதாரணம் என்பார்கள். எனக்கு இவள் எங்கம்மா மாதிரி தெரிகிறாள். கூலி குறைந்தால் வாசலிலேயே நின்று கேட்கிறவள். கேட்டு வாங்கினாலும் அது கிருபைதான். கேட்டதால் கிருபை குறைந்துபோகவில்லை.

எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. இயேசு நகரவாசலுக்கு வெளியே பாடுபட்டார், நாமும் வெளியே அவரிடம் போவோம் என்று. நகரவாசலுக்கு வெளியே என்றால் நம்ம கணக்கில் எது? ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பக்கம், சேரி. கடவுள் ஊரில் இருந்துகொண்டு சேரியை ஏற்றுக்கொண்டார் என்று இத்தனை நாள் பிரசங்கம் பண்ணினார்கள். நிருபத்தில் இருப்பது அப்படி இல்லை. கடவுள் ஏற்கெனவே சேரியில் இருக்கிறார், ஊர்தான் வெளியே வரவேண்டும்.

இன்னொரு கதையும் முக்கியம். அந்தியோகியாவில் பேதுரு, புறசாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சொந்தக்காரப் பெரியவர்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னாலும் நேருக்கு நேர் எதிர்த்தார். பாருங்கள், தலைமை அப்போஸ்தலருக்கே பந்தியில் கால் நடுங்கியிருக்கிறது. நம்ம சபையிலும் இப்படிப் பேதுருக்கள் நிறைய. தனியாக இருக்கும்போது நம்மோடு டீ குடிப்பார்கள், சொந்தக்காரர் வந்தால் தெரியாத மாதிரி போவார்கள். கிருபை உண்மையா என்பது பந்தியில் தெரிந்துவிடும் என்று அந்தக் காலத்துச் சபைக்கே தெரிந்திருக்கிறது.

சபை ஒரு பக்கம் இப்படி. அரசாங்கம் இன்னொரு பக்கம். 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாவது பத்தி: இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவனும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். சூசை என்று ஒருவர், சென்னையில் தெருவோரம் செருப்புத் தைக்கிற ஆதிதிராவிடக் கிறித்தவர். செருப்புத் தைக்கிற பட்டியல் சாதியாருக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று போதுமான ஆதாரம் இல்லை என்று 1985இல் தீர்ப்பு. ஞானஸ்நானம் வாங்கியதால் அவர் கையிலிருந்த ஊசியும் தோலும் மாறிவிட்டதா? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உனக்குத்தான் கடவுள் கிருபை கிடைத்துவிட்டதே, அப்புறம் உரிமை எதற்கு என்கிறது அரசாங்கம். சபையோ, கோயிலுக்குள் உட்கார இடம் கொடுத்திருக்கிறோமே, அதுவே எங்கள் கிருபைதான் என்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து கிருபையை வைத்து நம்ம உரிமையைத் திருடுகிறார்கள்.

இது எனக்குப் புரிந்த நாளைச் சொல்கிறேன். எங்கப்பா செத்த அன்றைக்கு. ஐப்பசி மழை. எங்க கல்லறை ஏரிக்கரைப் பக்கம். ஊர்த் தெரு வழியாகப் போனால் கால் மணி நேரம். அந்தத் தெருவில் நம்ம பிணம் போகக்கூடாது. வரப்பு மேலே தூக்கிக்கொண்டு போனோம். சேற்றில் இரண்டு இடத்தில் பெட்டி சாய்ந்தது. ஐயர் அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தார். எங்கப்பாவோடு இருபது வருஷம் ஒரே பாடகர் குழுவில் பாடிய வேற்றுச் சாதிச் சபையார் ரோடு வரைக்கும் வந்து, குடை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். சேறு என்று காரணம் சொன்னார்கள். ஒரே ஒரு அம்மா, அதே வேற்றுச் சாதிதான், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கல்லறை வரைக்கும் நடந்து வந்தார். திரும்பி எங்க வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி எங்க சித்தப்பா கண் கலங்கிச் சொன்னார்: "எவ்ளோ கிருபையுள்ள பொம்பள! நம்ம வூட்டுக்கு வந்து சாப்ட்டாங்களே!" எங்கம்மா மூலையில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து, "வந்தாங்க, சரி. வரவேண்டியவங்கதானே? இதுல கிருபை எங்க வந்துது?" என்றார்.

நான் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். கிருபை கடவுளுடையது. மனுசன் மனுசனுக்குச் செய்யவேண்டியது கடன். அந்த அம்மா தன் கடனைச் செய்தார், அதற்கு நாங்கள் அவரை மதிக்கிறோம். ரோட்டில் நின்றவர்கள் கடனாளிகள். கடனைத் திருப்பிக் கொடுப்பவனைப் பார்த்து வள்ளல் என்று கும்பிட வேண்டியதில்லை. கடவுளிடம் கையேந்தலாம், அங்கே எல்லாரும் ஒரே வரிசை, பிஷப்பும் அதே வரிசைதான். சபைக் கமிட்டியிடம் கையேந்தக் கூடாது, அங்கே கணக்குக் கேட்கணும்.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆண்டவர் நம்மை ஏற்றுக்கொண்டதால்தான் இயக்கம். ஏற்றுக்கொள்ளப்பட்டவன் திண்ணைக்குக் கீழே நிற்பது அந்த ஏற்பையே அவமானப்படுத்துவது. தோழரே, உங்கள் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். சபையை விட்டு வெளியே போன நம்ம ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். பாபாசாகேப் 1956இல் பௌத்தத்துக்குப் போனார். கிறித்தவத்தையும் அலசிப் பார்த்து, மதம் மாறியவனின் சமூக நிலை அங்கே என்னவாயிற்று என்று கடுமையாகக் கேட்டவர் அவர். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். அதைப் படித்த பிறகு நம்மில் பலர் கோயிலை வேறு கண்ணோடு பார்த்தோம். நான் இருக்கிறேன். காரணம், அந்தச் சபை நம்ம சனம் கட்டியது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஆவணமே ஒப்புக்கொள்கிறது: 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். ஆனால் ஒரு தலித் கர்தினாலாவதற்கு 2022 ஆகவேண்டியிருந்தது, ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா. வீடு நம்முடையது, திண்ணையில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரன் ஏன் வெளியேறணும்?

இறையியலையும் நம்ம ஆட்கள் கையில் எடுத்தார்கள். 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் தொடங்கிவைத்த பேச்சு, தலித் இறையியலாக வளர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்று நாம் அறிந்தவர், 2005இல் மறைந்தார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சாவுக்கு அடிக்கிற மேளம் என்று வெளியே நிறுத்திய பறை, பீடத்துக்குப் பக்கத்தில் ஒலித்தது. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவதுதான் திருவிருந்து என்றார் அவர். 1850இன் சோதனைக்கு நம்ம ஆள் எழுதிய விடை அது.

கடைசியாகச் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்க ஊர்க் கல்லறையைப் போய்ப் பாருங்கள். சுவரோ தனிப் பாதையோ இருந்தால் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். சபைக் கமிட்டியில், சபைப் பள்ளிக்கூட வேலையில், கல்லூரி இடத்தில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்குக் கேளுங்கள். பெண்கள் எத்தனை பேர் என்று அதற்குள்ளேயே கேளுங்கள். பாய் விரித்து, கோயில் பெருக்கி, காணிக்கை போடுவது அவர்கள், கமிட்டியில் கையெழுத்துப் போடுவது நாம். மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்கிற போராட்டத்தில் முஸ்லிம் தோழர்களோடு சேர்ந்து நில்லுங்கள்.

இன்னொன்று, இது கசக்கும். நம்ம சபையில் அருந்ததியர் குடும்பம் ஒன்று சேர்ந்தால், அவர்கள் வீட்டில் நாம் பெண் எடுப்போமா, கொடுப்போமா? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிடுவோமா? அங்கே நாமும் குடை பிடித்துக்கொண்டு ரோட்டில் நிற்கிறவர்களாகிவிடுகிறோம். எங்கம்மா சொன்ன கடன் நம்ம பேரிலும் பாக்கி இருக்கிறது. அதைக் கட்டாமல் மற்றவனிடம் வசூலுக்குப் போக முடியாது.

எங்கம்மாவுக்கு இப்போது கண் தெரியவில்லை, நூல் இழைக்க முடியாது. போன மாசம் ஒருநாள் திருவிருந்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் போட முடியாமல் நின்றுகொண்டே கையை நீட்டினார். அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது என் காதில் சொன்னார்: "கீழ நின்னு வாங்கலடா. நேரா நின்னு வாங்கிட்டேன்."

அவ்வளவுதான் தோழர்களே. கேள்வி இருந்தால் கேளுங்கள்.